எம்பாக்ஸ் லாக் தகராறு: மெயில் கிளையண்டும் டெலிவரி ஸ்கிரிப்டும் ஒரே ஃபைலுக்கு அடிச்சுக்கிட்டா என்ன பண்றது (முழு வழிகாட்டி)

தண்டர்பேர்டுல இன்பாக்ஸ் திறந்தா "டைம்அவுட் வைல் வெயிட்டிங் ஃபார் லாக்"னு ஒரு பொட்டி வந்து நிக்கும். இல்லன்னா மட்-ல (டெர்மினல்ல ஓடுற மெயில் கிளையண்ட்) ஒரு மெயிலை டெலீட் பண்ணிட்டு வெளிய வரப்போ "வெயிட்டிங் ஃபார் எஃப்சிஎன்டிஎல் லாக்"னு போட்டு பக்கத்துல நம்பர் ஏறிக்கிட்டே போகும். இதெல்லாம் கூட பரவால்ல, எரரே வராம ரெண்டு மெயில் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, ஒருத்தர் அனுப்புன மெயிலோட வால் இன்னொருத்தர் மெயிலுக்குள்ள கிடக்கும் பாருங்க, அதுதான் ஆபத்து. மூணுமே ஒரே வியாதிதான். ஒரு ஃபைலை நாலு புரோகிராம் தொடுது, ஆனா நாலும் ஒரே மாதிரி பூட்டு போடல.

இங்க நான் எடுத்துக்கிற செட்டப் ரொம்ப சாதாரணமானது: டெபியன் சர்வர், போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வாங்கி புராக்மெயில் கிட்ட குடுக்குது, அது /வார்/மெயில் டைரக்டரில ஆளுக்கு ஒரு எம்பாக்ஸ் ஃபைல்ல எழுதுது, சில பேர் எஸ்எஸ்எச்-ல வந்து மட் இல்ல ஆல்பைன் ஓட்டுறாங்க, மத்தவங்க டவ்காட்ங்கிற ஐமேப் சர்வர் வழியா தண்டர்பேர்டு, கூடவே யாரோ எழுதிவச்ச, குறிச்ச நேரத்துல தானா ஓடுற ஒரு கிரான் ஸ்கிரிப்ட் ராத்திரி வந்து பழைய மெயிலை ஆர்க்கைவ் பண்ணுது. கமாண்டு, செட்டிங் பேரெல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல அடிக்கும்போது அதோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங்ல அடிச்சுக்கோங்க.

லாக் எதுக்கு, எத்தன வகை

எம்பாக்ஸ்னா எல்லா மெயிலும் ஒரே ஃபைல்ல வரிசையா அடுக்கி இருக்கும், ஒவ்வொண்ணும் "ஃப்ரம்"னு ஆரம்பிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு வர்ற வரில தொடங்கும். புது மெயில் வந்தா கடைசில ஒட்டினா போதும். ஆனா நீங்க நடுவுல ஒரு மெயிலை அழிச்சா அதுக்கு பின்னாடி இருக்கிற எல்லாத்தையும் முன்னாடி நகர்த்தி எழுதணும், அந்த நேரத்துல டெலிவரி வந்து கடைசில ஒட்டுனா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கலாம்.

அதனால தொடுறதுக்கு முன்னாடி பூட்டு. லினக்ஸ்ல இந்த பூட்டு எல்லாம் அட்வைசரி, அதாவது பஸ்ல துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி, துண்டை மதிக்கிறவனுக்குத்தான் அது ரிசர்வ் சீட்டு, மதிக்காதவன் துண்டை நகர்த்திட்டு உக்காருவான், கெர்னல் கண்டக்டர் மாதிரி வந்து எதுவும் கேக்காது.

வகை மூணு. முதல்ல டாட்லாக், மெயில்பாக்ஸ் பேரோட கடைசில .லாக் சேர்த்து பக்கத்துலயே ஒரு ஃபைல் உருவாக்குறது, அது இருந்தா யாரோ உள்ள இருக்காங்கனு அர்த்தம். ரெண்டாவது எஃப்சிஎன்டிஎல், கெர்னல் கிட்ட கேட்டு வாங்குற பாசிக்ஸ் லாக். மூணாவது எஃப்லாக், பிஎஸ்டி-ல இருந்து வந்தது. லாக்எஃப்னு நாலாவதா ஒண்ணு சொல்லுவாங்க, லினக்ஸ்ல அது எஃப்சிஎன்டிஎல் மேல போட்ட சட்டை அவ்ளோதான், தனியா கணக்கு வேணாம்.

முக்கியமான விஷயம் இப்ப வருது. லினக்ஸ்ல லோக்கல் டிஸ்க்ல எஃப்லாக்கும் எஃப்சிஎன்டிஎல்லும் ஒண்ண ஒண்ணு பாக்கவே பாக்காது. ஒரு புரோகிராம் எஃப்லாக் போட்டு உக்காந்திருக்கும்போது இன்னொண்ணு எஃப்சிஎன்டிஎல் கேட்டா கெர்னல் தாராளமா குடுத்துடும், ரெண்டும் எனக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டு எழுதும். "நான்தான் லாக் போட்டேனே"னு ஸ்கிரிப்ட் எழுதினவங்க சொல்ற கேஸ்ல பாதி இதுதான்.

முதல் வேலை: .லாக் ஃபைலை அழிக்காதீங்க

நெட்ல தேடினா முதல்ல கிடைக்கிற அட்வைஸே "அந்த .லாக் ஃபைலை டெலீட் பண்ணுங்க சரியாயிடும்"ங்கிறதுதான். உண்மையிலேயே யாராவது எழுதிக்கிட்டு இருந்தா அந்த நிமிஷமே மெயில்பாக்ஸ் போச்சு. முதல்ல எல்எஸ் போட்டு அந்த லாக் ஃபைலோட ஓனர் யாரு, நேரம் என்னனு பாருங்க. உள்ள கேட் பண்ணி பாருங்க, சில புரோகிராம் அதுக்குள்ள தன்னோட பிஐடி-யை, அதாவது ப்ராசஸ் நம்பரை எழுதி வைக்கும், அந்த நம்பர் இன்னும் ஓடுதானு பிஎஸ் போட்டா தெரிஞ்சிடும். பிஐடி இல்லன்னா ஃபியூசர் இல்ல எல்எஸ்ஓஎஃப் போட்டு மெயில்பாக்ஸ் ஃபைலை யாரு திறந்து வச்சிருக்காங்கனு பாத்துட்டு, ஒருத்தரும் இல்ல, லாக்கும் பழசுன்னா அப்புறம் அழிங்க.

நிதானமா பாக்கணும்னா டெலிவரியை நிறுத்தி வைக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸ்ல டிஃபர்_டிரான்ஸ்போர்ட்ஸ் செட்டிங்குக்கு லோக்கல்னு குடுத்து ரீலோட் பண்ணா உள்ளூர் மெயில் எல்லாம் க்யூல காத்திருக்கும், டீஃபால்ட்டா 5 நாள் வரைக்கும் க்யூ பொறுத்துக்கும், மெயில் எதுவும் காணாம போகாது. அதுக்கப்புறம் டவ்காட்டையும் நிறுத்திட்டு மெயில்பாக்ஸை சிபி கமாண்டுக்கு மைனஸ் பி குடுத்து ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க. இந்த காப்பி எடுக்காம கீழ எதையும் ஆரம்பிக்காதீங்க.

யாரெல்லாம் அந்த ஃபைலை தொடுறாங்க

இதை ஒரு பேப்பர்ல எழுதுங்க, சீரியஸா சொல்றேன். எம்டிஏ (மெயிலை வாங்குற சர்வர், இங்க போஸ்ட்ஃபிக்ஸ்), டெலிவரி ஏஜென்ட் (இங்க புராக்மெயில்), ஐமேப் சர்வர், ஷெல்ல ஓடுற கிளையண்ட், கிரான், ஒவ்வொரு யூசரோட சொந்த கிரான்டேப் (இதைத்தான் எல்லாரும் மறப்பாங்க), பேக்கப் ஸ்கிரிப்ட். அப்புறம் ஒவ்வொண்ணு பக்கத்துலயும் அது எந்த லாக் போடுது, எந்த வரிசைல போடுதுனு நிரப்பணும்.

போஸ்ட்ஃபிக்ஸுக்கு போஸ்ட்கான்ஃப் மைனஸ் எல் அடிச்சா அந்த பில்டு எந்தெந்த லாக்கை சப்போர்ட் பண்ணுதுனு வரும், மெயில்பாக்ஸ்_டெலிவரி_லாக் பாத்தா இப்ப எது ஆன்ல இருக்குனு தெரியும், லினக்ஸ்ல வழக்கமா எஃப்சிஎன்டிஎல், டாட்லாக் ரெண்டும் இருக்கும். ஆனா இங்க ஒரு பொறி இருக்கு: மெயில்பாக்ஸ்_கமாண்ட் செட்டிங்ல புராக்மெயில்னு போட்டிருந்தா போஸ்ட்ஃபிக்ஸ் அந்த ஃபைலை தொடவே தொடாது, எழுதுறது புராக்மெயில், லாக் போடுறதும் புராக்மெயில்தான். அப்ப நீங்க மெயில்பாக்ஸ்_டெலிவரி_லாக்கை எப்படி மாத்தினாலும் ஒண்ணும் ஆகாது. ஒரு நாள் முழுக்க போஸ்ட்ஃபிக்ஸ் கான்ஃபிக்ல மண்டையை உடைச்சுக்கிறவங்களுக்கு இதை சொன்னா மூஞ்சி போற போக்கை பாக்கணும்.

புராக்மெயில் மைனஸ் வி அடிச்சா "லாக்கிங் ஸ்ட்ராட்டஜீஸ்"னு ஒரு வரி வரும், டெபியன்ல டாட்லாக்கிங்கும் எஃப்சிஎன்டிஎல்லும் காட்டும். மட் மைனஸ் வி-ல யூஸ்_எஃப்சிஎன்டிஎல், யூஸ்_எஃப்லாக், யூஸ்_டாட்லாக் ஒவ்வொண்ணு முன்னாடியும் ப்ளஸ் இல்ல மைனஸ் இருக்கும், ப்ளஸ் இருக்கிறது மட்டும்தான் கணக்கு. டவ்காட்டுக்கு டவ்கான்ஃப் போட்டு எம்பாக்ஸ்_ரீட்_லாக்ஸ், எம்பாக்ஸ்_ரைட்_லாக்ஸ் ரெண்டையும் பாருங்க. போஸ்ட்ஃபிக்ஸுக்கு பதிலா எக்ஸிம் ஓட்டுறவங்களுக்கு அப்பெண்ட்ஃபைல் டிரான்ஸ்போர்ட்ல யூஸ்_லாக்ஃபைல், யூஸ்_எஃப்சிஎன்டிஎல்_லாக்.

ஆல்பைன் கொஞ்சம் தனி ஜாதி. அது சி-கிளையண்ட் லைப்ரரி மேல ஓடுது, வழக்கமான லாக் தவிர /டெம்ப் டைரக்டரில தன் குடும்பத்துக்கு மட்டும் புரியுற ஒரு லாக் ஃபைலும் போட்டு வைக்கும், அதை டவ்காட்டோ புராக்மெயிலோ கண்டுக்காது. "மெயில்பாக்ஸ் வல்னரபிள்"னு ஆரம்பிச்சு டைரக்டரிக்கு 1777 பெர்மிஷன் வேணும்னு அது புலம்பினா, டாட்லாக் உருவாக்க முடியலனு அர்த்தம். அதுக்கு கீழ பெர்மிஷன் பகுதில வர்றேன்.

வரிசை ஏன் முக்கியம்னா, டெபியன் பாலிசில தெளிவா எழுதி வச்சிருக்காங்க, மெயில்பாக்ஸை தொடுற எந்த புரோகிராமும் முதல்ல எஃப்சிஎன்டிஎல், அப்புறம் டாட்லாக், ரெண்டும் போடணும்னு. ஆனா டவ்காட்டோட சொந்த டீஃபால்ட் டாட்லாக் முதல்ல, எஃப்சிஎன்டிஎல் அப்புறம். சோர்ஸ்ல இருந்து பில்டு பண்ண டவ்காட், டெபியன் பாலிசி வரிசைல பூட்டு போடுற இன்னொரு புரோகிராம் ரெண்டும் ஒரே பாக்ஸ்ல இருந்தா, ஒருத்தர் கைல டாட்லாக் இன்னொருத்தர் கைல எஃப்சிஎன்டிஎல், ரெண்டு பேரும் மத்தவங்க விடுறதுக்கு காத்திருப்பாங்க. ஒருத்தர் பொறுமை இழந்து விட்டுக் குடுத்த உடனே சரியாயிடும், அதனால முழுசா தொங்காது, அப்பப்ப சில நிமிஷம் நின்னு போகும், அப்புறம் நல்லாயிடும், யாரும் காரணம் கண்டுபிடிக்க மாட்டாங்க. எம்பாக்ஸ்_ரைட்_லாக்ஸ்ல எஃப்சிஎன்டிஎல் டாட்லாக்னு வரிசையை மாத்துங்க, முடிஞ்சது.

நேர்ல பிடிக்கிறது

பிரச்சனை நடந்துக்கிட்டு இருக்கும்போதே பாக்க முடிஞ்சா எல்எஸ்லாக்ஸ் கமாண்டு போதும். எந்த ப்ராசஸ், பிஐடி என்ன, வகை பாசிக்ஸா எஃப்லாக்கா, ரீடா ரைட்டா, எந்த ஃபைல், எல்லாம் ஒரே டேபிள்ல வரும். மோடு காலம்ல ரைட் பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி இருந்தா அது லாக் கிடைக்காம காத்திருக்கிற ஆளு. மெஷின்ல எல்எஸ்லாக்ஸ் இல்லன்னா /ப்ராக்/லாக்ஸ் ஃபைலை கேட் பண்ணுங்க, அதுல ஃபைல் பேர் இருக்காது, டிவைஸ் நம்பரும் ஐநோட் நம்பரும் (டிஸ்க்ல ஃபைலோட அடையாள எண்) தான் இருக்கும், எல்எஸ் மைனஸ் ஐ போட்டு மெயில்பாக்ஸோட ஐநோட்டை எடுத்து ஒப்பிட்டு பாத்துக்கணும்.

ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. டாட்லாக் இந்த ரெண்டுலயும் தெரியவே தெரியாது, அது வெறும் ஃபைல்தானே, கெர்னலுக்கு அது லாக்னே தெரியாது. அடுத்தது, நட்சத்திரம் இல்லன்னா யாரும் காத்திருக்கலனு முடிவு பண்ணாதீங்க, மட் மாதிரி புரோகிராம் எல்லாம் கெர்னல்ல வரிசைல நிக்காது, கேட்டு பாக்கும், கிடைக்கலன்னா ஒரு செகண்ட் தூங்கிட்டு திரும்ப கேக்கும், அந்த தூக்கத்துல டேபிள்ல அதோட பேரே இருக்காது.

அந்த மாதிரி ஆளை பிடிக்க எஸ்ட்ரேஸ் வேணும், ஒரு புரோகிராம் கெர்னல் கிட்ட என்னென்ன கேக்குதுனு காட்டுற கமாண்டு அது. மைனஸ் பி-ல பிஐடி குடுத்து, மைனஸ் எஃப், மைனஸ் டிடி சேர்த்து, ட்ரேஸ் பட்டியல்ல எஃப்சிஎன்டிஎல், எஃப்லாக், ஓப்பன்அட், லிங்க், ரீநேம், அன்லிங்க் இதெல்லாம் போடுங்க. ஒரு செகண்டுக்கு ஒரு தரம் எஃப்சிஎன்டிஎல் வந்து "ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவைலபிள்"னு திரும்புனா கெர்னல் லாக்குக்கு காத்திருக்கு. லிங்க் கால் வந்து "ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்"னு திரும்புனா டாட்லாக்குக்கு காத்திருக்கு. "பெர்மிஷன் டினைட்"னு வந்தா அடுத்த பகுதிக்கு வாங்க. சத்தமே இல்லாம ஓப்பன் பண்ணி நேரா எழுதினா, குற்றவாளி அதுதான்.

பெர்மிஷன்

டாட்லாக் போடணும்னா டைரக்டரிலயே புது ஃபைல் உருவாக்கற உரிமை வேணும். டெபியன்ல /வார்/மெயில் ரூட் ஓனர், மெயில் க்ரூப், 2775. சாதாரண யூசருக்கு அங்க எழுத உரிமை கிடையாது. அதனாலதான் மட் கூட மட்_டாட்லாக்னு ஒரு குட்டி புரோகிராம் மெயில் க்ரூப்புக்கு செட்ஜிஐடி (யார் ஓட்டினாலும் அந்த க்ரூப்போட உரிமைல ஓட வைக்கிற பிட்) போட்டு வருது, டவ்காட்டுக்கு மெயில்_ப்ரிவிலேஜ்ட்_க்ரூப் செட்டிங்ல மெயில்னு குடுக்கணும். அதை குடுக்கலன்னா டவ்காட்டே சிஸ்லாக்ல பெர்மிஷன் டினைட்னு சொல்லிட்டு பக்கத்துலயே இந்த செட்டிங்கை போடுனு எழுதி வைக்கும், படிச்சா போதும்.

சர்வரை ஹார்டனிங் பண்றேன்னு ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டி எல்லா பைனரிலயும் செட்யூஐடி, செட்ஜிஐடி பிட்டை உருவிட்டாங்கன்னா மட்_டாட்லாக்கும் புராக்மெயிலும் டாட்லாக் போடுற சக்தியை இழந்துடும். மெயில் வர்றது நிக்காது, அதான் சிக்கலே, பூட்டு மட்டும் ஒண்ணு கம்மியாயிடும். எல்எஸ் மைனஸ் எல் போட்டு அந்த "எஸ்" எழுத்து இருக்கானு ஒரு கண் பாத்துடுங்க. டவ்காட்ல டாட்லாக்_ட்ரைனு ஒரு ஆப்ஷன் இருக்கு, பெர்மிஷன் இல்லன்னா டாட்லாக்கை விட்டுட்டு போயிடும், எரர் நிக்குதுனு இதை போட்டுட்டு நிம்மதியா இருக்காதீங்க, எரரை மறைச்சிருக்கீங்க, அவ்ளோதான். 1777 பத்தி கேட்டா, ஆல்பைன் சொல்றதுக்காக டைரக்டரியை அப்படி திறந்து விடுறதுல எனக்கு உடன்பாடு இல்ல, யார் வேணா யாரோட மெயில்பாக்ஸுக்கும் .லாக் உருவாக்கி டெலிவரியை நிறுத்தலாம். எம்லாக்னு ஆல்பைனுக்கும் செட்ஜிஐடி உதவி புரோகிராம் இருக்கு, அதை இன்ஸ்டால் பண்ணுங்க.

புராக்மெயில் ரெசிப்பி: ஒரு கோலன்

மெயில் எங்க போகணும்னு புராக்மெயிலுக்கு சொல்ற விதிதான் ரெசிப்பி. அது :0 னு ஆரம்பிச்சா லாக்ஃபைல் கிடையாது, :0: னு ரெண்டாவது கோலன் இருந்தா டாட்லாக் உண்டு. சிஸ்டம் மெயில்பாக்ஸுக்கு போற கடைசி டெலிவரிக்கு புராக்மெயில் தானாவே பாத்துக்கும், ஆனா நீங்க சொந்தமா ஒரு ஃபோல்டர் ஃபைலுக்கு திருப்பி விடுற ரெசிப்பிக்கு அந்த கோலன் நீங்கதான் போடணும். பைப் போட்டு ஸ்கிரிப்டுக்கு அனுப்புறீங்கன்னா வெறும் கோலன் பத்தாது, கமாண்டுல >> இருந்தா அதுக்கு பின்னாடி இருக்கிற ஃபைல் பேரை வச்சு லாக் பேரை ஊகிக்கும், இல்லன்னா ஊகிக்க வழியில்ல, கோலனுக்கு அப்புறம் லாக் ஃபைல் பேரை நீங்களே எழுதணும். ஒவ்வொரு யூசரோட .புராக்மெயில்ஆர்சி-யையும் க்ரெப் பண்ணி கோலன் இல்லாத :0 எங்கெல்லாம் இருக்குனு பாருங்க. ஃபைல்ல எழுதாத பைப்புக்கும் ஃபார்வர்டுக்கும் கோலன் இல்லாம இருக்கிறது தப்பில்ல, ஃபைலுக்கு போறதுதான் கவனிக்கணும். மெயில்டிர்ருக்கு (ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல் வைக்கிற முறை, கடைசில வர்றேன்) போற ரெசிப்பிக்கும் வேணாம்.

பழைய லாக்னு யார் எப்ப முடிவு பண்றாங்க

இதை பத்தி யாரும் பேசறதில்ல, ஆனா எனக்கு தெரிஞ்சு ராத்திரி நேர கரப்ஷனுக்கு பெரிய காரணம் இதுதான். டாட்லாக் போட்ட புரோகிராம் செத்துட்டா லாக் அப்படியே கிடக்கும், அதனால ஒவ்வொரு புரோகிராமும் "இவ்ளோ நேரம் தாண்டினா இது செத்த லாக்"னு ஒரு கணக்கு வச்சிருக்கு, அந்த கணக்கு ஆளாளுக்கு வேற வேற. டவ்காட் 2 நிமிஷம் பாக்கும், அதுக்குள்ள மெயில்பாக்ஸ்லயோ லாக்லயோ ஒரு மாற்றமும் இல்லன்னா லாக்கை தூக்கிடும் (எம்பாக்ஸ்_டாட்லாக்_சேஞ்ச்_டைம்அவுட்). டெபியனோட லிப்லாக்ஃபைல் லைப்ரரி 5 நிமிஷம். போஸ்ட்ஃபிக்ஸ் 500 செகண்ட். புராக்மெயில் 1024 செகண்ட், அதாவது சுமார் 17 நிமிஷம். எக்ஸிம் 30 நிமிஷம்.

இப்ப உங்க கிரான் ஸ்கிரிப்ட் ஒழுங்கா டாட்லாக் போட்டுட்டு 2 ஜிபி மெயில்பாக்ஸை பத்து நிமிஷம் ஸ்பேம் ட்ரெயினிங்குக்கு படிச்சுக்கிட்டு இருக்குனு வைங்க. படிக்கத்தான் செய்யுது, ஃபைல் மாறல. மூணாவது நிமிஷம் யாரோ போன்ல ஐமேப் திறந்து ஒரு மெயிலை அழிக்கிறாங்க, டவ்காட் பாக்குது, லாக் இருக்கு, ஆனா ரெண்டு நிமிஷமா அசைவே இல்ல, சரி செத்துடுச்சுனு தூக்கிப் போட்டுட்டு உள்ள வந்துடும். ஸ்கிரிப்ட் முடிச்சுட்டு தன் லாக்குனு நெனச்சு அன்லாக் பண்ணும், அதுக்குள்ள அங்க இருக்கிறது வேற ஒருத்தர் போட்ட லாக்கா இருந்தா அதையும் சேர்த்து அழிச்சுடும். எஃப்சிஎன்டிஎல்லும் சேர்த்து போட்டிருந்தா அது காப்பாத்தியிருக்கும், டாட்லாக் மட்டும் போட்டா இப்படித்தான்.

டைம்அவுட்டை ஏத்தி விடுறது தீர்வு இல்ல. நிஜமாவே செத்த லாக் வந்தா அவ்ளோ நேரம் எல்லாரும் தொங்கணும். ஸ்கிரிப்ட் லாக்கை வச்சிருக்கிற நேரத்தை குறைக்கிறதுதான் சரி, நீளமா போயே ஆகணும்னா டாட்லாக்ஃபைல் கமாண்டோட மைனஸ் டி வச்சு ஒரு நிமிஷத்துக்கு ஒரு தரம் லாக்கை டச் பண்ணிக்கிட்டே இருக்கணும்.

ஸ்கிரிப்டை சரி பண்றது

ஷெல் ஸ்கிரிப்ட்ல வழக்கமா யுடில்-லினக்ஸ் பேக்கேஜ்ல வர்ற எஃப்லாக் கமாண்டை போட்டிருப்பாங்க. மேல சொன்னதை திரும்ப படிங்க: அது அதே பேர்ல இருக்கிற எஃப்லாக் லாக்கைத்தான் எடுக்கும், டவ்காட்டும் புராக்மெயிலும் அதை பாக்கவே பாக்காது. கிரான் வேலை ரெண்டு தரம் ஓடாம தடுக்க அது அருமையான கமாண்டு, மெயில்பாக்ஸுக்கு பிரயோஜனம் இல்ல.

அடுத்த வில்லன் ஃபைலுக்குள்ள எழுத்தை மாத்துற செட் (sed) கமாண்டோட மைனஸ் ஐ, இல்லன்னா "புது ஃபைல்ல எழுதி எம்வி பண்ணிடு"ங்கிற பழக்கம். வேற எந்த ஃபைலுக்கும் அது நல்ல பழக்கம், இங்க விஷம். என்ன நடக்குதுனு மெதுவா பாருங்க. புராக்மெயில் பழைய ஃபைலை திறந்து வச்சுக்கிட்டு எஃப்சிஎன்டிஎல்லுக்கு காத்திருக்கு. ஸ்கிரிப்ட் புது ஃபைலை அதே பேர்ல மாத்தி வைக்குது. பேர் ஒண்ணுதான், ஐநோட் வேற. இப்ப புராக்மெயிலுக்கு லாக் கிடைக்குது, ஆனா அது கைல இருக்கிறது பேரே இல்லாத பழைய ஃபைல், அதுல மெயிலை எழுதி மூடுது, சிஸ்லாக்ல டெலிவர்ட்னு பதிவாகுது, மூடின நிமிஷம் அந்த ஃபைலே டிஸ்க்ல இருந்து போயிடுது. அனுப்பினவருக்கு பவுன்ஸ் இல்ல, வாங்குறவருக்கு மெயில் இல்ல, பதிவுல எல்லாம் சுபம். எம்பாக்ஸ் ஃபைலோட ஐநோட் மாறக்கூடாது, நடுவுல எதையாவது எடுக்கணும்னா அதே ஃபைலுக்குள்ளயே எழுதி, மிச்சம் இருக்கிற வாலை வெட்டணும் (ட்ரங்கேட்).

நான் சிபாரிசு பண்ற முறை: ரெண்டு லாக்கும் போடு, மொத்த ஃபைலையும் ஒரு வேலை ஃபைலுக்கு காப்பி பண்ணு, காப்பி டிஸ்க்ல இறங்கினதை உறுதி பண்ணு, ஒரிஜினலை அதே இடத்துல 0 பைட்டுக்கு ட்ரங்கேட் பண்ணு, லாக்கை விடு. ஃபைல் எவ்ளோ பெருசா இருந்தாலும் காப்பி பண்ற நேரம்தான் லாக். அப்புறம் ஆர்க்கைவோ, ஸ்பேம் ட்ரெயினிங்கோ, வேலை ஃபைல்ல ஆற அமர பண்ணிக்கலாம். இன்பாக்ஸ்லயே இருக்கவேண்டிய மெயில்களை முடிச்சப்புறம் புராக்மெயில் மூலமாவே திரும்ப டெலிவரி பண்ணுங்க, நேரா >> போட்டு ஒட்டாதீங்க. படிக்க மட்டும் செய்ற ஸ்கிரிப்ட்னா இன்னும் சுலபம், லாக், காப்பி, அன்லாக், அவ்ளோதான்.

வெறும் ஷெல்ல எஃப்சிஎன்டிஎல் போடுறது வம்பு, அதனால பைதான். அதோட மெயில்பாக்ஸ் மாட்யூல்ல எம்பாக்ஸ் க்ளாஸை திறந்து லாக்-னு கூப்பிட்டா லாக்எஃப்பும் டாட்லாக்கும் சேர்த்தே எடுக்கும், வரிசையும் டெபியன் கேக்கிற வரிசைதான். ஆனா அது காத்திருக்காது, கிடைக்கலன்னா அந்த நிமிஷமே எக்ஸ்டர்னல்க்ளாஷ்எரர் எறியும், நீங்கதான் அதை பிடிச்சு கொஞ்சம் தூங்கி திரும்ப கேக்கிற லூப் எழுதணும். இன்னொண்ணு, அந்த மாட்யூல்ல மெயிலை நீக்கிட்டு ஃப்ளஷ் பண்ணா அது உள்ளுக்குள்ள புது ஃபைல் எழுதி ரீநேம்தான் பண்ணுது, மேல திட்டின அதே வேலை. அதனால லாக்குக்கு மட்டும் அந்த மாட்யூலை வச்சுக்கிட்டு, காப்பி, ட்ரங்கேட் ரெண்டையும் நீங்களே பண்ணுங்க. அப்படி பண்ணும்போது எஃப்சிஎன்டிஎல்லோட ஒரு கோணங்கித்தனம் கடிக்கும்: ஒரே ப்ராசஸ்ல அதே ஃபைலை ரெண்டாவது தரம் திறந்து மூடினா, முதல்ல எடுத்த லாக்கும் சத்தமில்லாம போயிடும். காப்பி பண்ண ஷுடில் காப்பிஃபைல்னு கூப்பிட்டீங்கன்னா அது ஃபைலை திறந்து மூடும், உங்க லாக் அங்கயே காலி, டாட்லாக் மட்டும் மிச்சம். அதனால ஃபைலை நீங்களே ஒரே ஒரு தரம் திறந்து, அந்த ஹேண்டில் மேலயே லாக்எஃப் போட்டு, டாட்லாக்கை டாட்லாக்ஃபைல் கமாண்டை கூப்பிட்டு எடுத்து, அதே ஹேண்டில்லயே படிச்சு, அதுலயே ட்ரங்கேட் பண்றது இருக்கிறதுலயே பத்திரம்.

தண்டர்பேர்டோட ப்ரொஃபைல் டைரக்டரிக்குள்ள இருக்கிற எம்பாக்ஸ் ஃபைல்ல ஸ்கிரிப்ட் வச்சு எழுதலாமானு கேப்பாங்க. வேணாம். பக்கத்துல .எம்எஸ்எஃப்னு இன்டெக்ஸ் வச்சிருக்கு, நீங்க எழுதினது அதுக்கு தெரியாது. ஐமேப் வழியா போடுங்க.

என்எஃப்எஸ்

மெயில் டைரக்டரி என்எஃப்எஸ்ல (நெட்வொர்க் வழியா பல மெஷின் பகிர்ற டிஸ்க்) இருந்தா முதல்ல மவுண்ட் ஆப்ஷன்ல நோலாக் இருக்கானு பாருங்க. இருந்தா எஃப்சிஎன்டிஎல் அந்த ஒரு மெஷினுக்குள்ள மட்டும்தான், பக்கத்து சர்வருக்கு எதுவும் தெரியாது. இன்னொரு வேடிக்கை, லினக்ஸ் கெர்னல் 2.6.12-ல இருந்து என்எஃப்எஸ் மேல போடுற எஃப்லாக் உள்ளுக்குள்ள ஃபைல் முழுசுக்குமான எஃப்சிஎன்டிஎல் மாதிரி லாக்காத்தான் போகுது. அதாவது எஃப்லாக் வச்ச ஸ்கிரிப்ட் என்எஃப்எஸ்ல ஒழுங்கா வேலை செஞ்சிருக்கும், லோக்கல் டிஸ்குக்கு மாத்தின அன்னைக்கு கெட்டுப்போகும். "ரெண்டு வருஷமா ஓடுது சார், நேத்துதான் சர்வர் மாத்தினோம்"னு யாராவது சொன்னா முதல்ல இதை பாருங்க. மெஷின்களோட கடிகாரமும் ஒத்துப்போகணும், லாக்கோட வயசை நேரத்தை வச்சுத்தானே கணக்கு போடுது.

ஏற்கனவே கெட்டுப்போன மெயில்பாக்ஸ்

காப்பி மேலதான் வேலை பாக்கணும். வரி நடுவுல "ஃப்ரம்" ஒட்டிக்கிட்டு இருந்தா அதுக்கு முன்னாடி ஒரு காலி வரி வர்ற மாதிரி உடைச்சு விடுங்க, ரெண்டு மெயிலும் பிரிஞ்சிடும். நடுவுல நல் பைட் வரிசையா இருந்தா, ஒருத்தர் ட்ரங்கேட் பண்ணும்போது இன்னொருத்தர் பழைய இடத்துலயே எழுதியிருக்காங்க, டிஆர் மைனஸ் டி வச்சு நல் பைட்டை எடுத்துடலாம், அந்த இடத்துல இருந்த மெயில் திரும்ப வராது. முடிச்சுட்டு ஃபார்மெயில் மைனஸ் எஸ்-ல விட்டு ஒவ்வொரு மெயிலா பிரியுதானு பாருங்க. மெயில் எல்லாம் பத்திரமா இருக்கு ஆனா மட் மட்டும் "புது மெயில்"னு காட்டலன்னா அது லாக் சமாச்சாரமே இல்ல, பார்ட்டிஷன் நோஏடைம்ல (ஃபைலை கடைசியா படிச்ச நேரத்தை பதியாத ஆப்ஷன்) மவுண்ட் ஆகியிருக்கும்.

சரியாச்சானு பாக்கிறது

ஒரு டெஸ்ட் யூசர் உருவாக்குங்க. ஒரு டெர்மினல்ல அவரோட மெயில்பாக்ஸுக்கு டாட்லாக்ஃபைல் மைனஸ் எல் போட்டு லாக்கை எடுத்து வச்சுக்கிட்டு, இன்னொரு டெர்மினல்ல அவருக்கு ஒரு மெயில் அனுப்புங்க. மெயில் உள்ள வரக்கூடாது. லாக்கை விட்டதும் கொஞ்ச நேரத்துல வரணும் (புராக்மெயில் 8 செகண்டுக்கு ஒரு தரம்தான் எட்டிப் பாக்கும், பதறாதீங்க). அதே மாதிரி பைதான்ல எஃப்சிஎன்டிஎல் மட்டும் பிடிச்சு வச்சும் ஒரு தரம். ரெண்டுல எதுக்காவது மெயில் காத்திருக்காம உள்ள வந்துட்டா அந்த லாக்கை டெலிவரி மதிக்கலனு தெரிஞ்சிடும். அப்புறம் மட், ஐமேப், உங்க ஸ்கிரிப்ட் ஒவ்வொண்ணுக்கும் இதையே பண்ணுங்க.

கடைசியா ஒரு அடிதடி டெஸ்ட்: லூப் போட்டு 200 மெயில் அனுப்பிக்கிட்டே, ஐமேப்ல இருந்து மெயில்களை படிச்சதா மார்க் பண்ணிக்கிட்டே, ஸ்கிரிப்டையும் திரும்பத் திரும்ப ஓட்டுங்க. சப்ஜெக்ட்ல 1-ல இருந்து 200 வரை நம்பர் போட்டு அனுப்பினா எது காணோம்னு உடனே தெரியும். மெயில்பாக்ஸ், வேலை ஃபைல், ஆர்க்கைவ் எல்லாத்தையும் சேர்த்து எண்ணினா 200-ம் இருக்கணும், ஒண்ணு கூட ரெண்டு தரம் இருக்கக்கூடாது.

இவ்ளோ பண்ணியும் யூசருங்க சொந்தமா ஸ்கிரிப்ட் எழுதிக்கிட்டே இருக்கிற சர்வர்னா மெயில்டிர்ருக்கு மாறிடுங்க, ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல், டெம்ப்ல எழுதி நியூ-க்கு நகர்த்துறதால டெலிவரிக்கு லாக்கே வேணாம், க்யூமெயிலோட டான் பெர்ன்ஸ்டைன் அதை கொண்டு வந்ததே இந்த தலைவலிக்காகத்தான். புராக்மெயில்ல ஃபோல்டர் பேருக்கு கடைசில ஒரு / போட்டா மெயில்டிர்ரா எழுதும். டவ்காட்ல டிசிங்க் வச்சு பழைய எம்பாக்ஸை மாத்தலாம், மாத்தும்போது டெலிவரியை மேல சொன்ன மாதிரி டிஃபர்_டிரான்ஸ்போர்ட்ஸ்ல நிறுத்தி வச்சுட்டு, முடிஞ்சதும் அந்த செட்டிங்கை காலி பண்ணி க்யூவை ஃப்ளஷ் பண்ண மறந்துடாதீங்க.